வாய்ஸ் பிக்கிங்: குரல்வழி எடுப்பு

ஆர்டரில் கண்ட சரக்கைக் கிடங்கின் அடுக்குகளிலிருந்து எடுத்துச் சேர்ப்பது பிக்கிங். எந்த இடம், எத்தனை பெட்டி என்பதை ஹெட்செட்டில் கேட்டு, எடுத்ததை வாயால் சொல்லிப் பதிந்தால் அது வாய்ஸ் பிக்கிங். தாளும் வேண்டாம், ஸ்கேனரும் வேண்டாம். கையுறையைக் கழற்ற முடியாத குளிர்பதனக் கிடங்கில்தான் இதன் அருமை தெரியும்.

வாய்ஸ், இலத்தீன் 'வோக்ஸ்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வடிவம். இத்துறையின் முன்னோடியான வோகலெக்ட் (பிட்ஸ்பர்க், 1987) நிறுவனத்தின் பெயரிலும் அந்த வேர் தெரிகிறது. பிக் என்றால் பறி என்று அகராதியைப் பார்த்து 'குரல் பறிப்பு' ஆக்கிவிட வேண்டாம்; குரல்வழி எடுப்பு போதும். 'குரல் அறிதல்' என்பதிலும் கவனம் வேண்டும். பேசுவது யார் என்று அறிவது குரலறிதல், என்ன பேசுகிறார் என்று அறிவது பேச்சறிதல். கிடங்கில் நடப்பது பேச்சறிதலே. ஆனால் பல கருவிகளுக்கு எண்களையும் கட்டளைச் சொற்களையும் திரும்பத் திரும்பச் சொல்லி, ஆளுக்கொரு குரல் வார்ப்பு, அதாவது அவரவர் உச்சரிப்பின் மாதிரி, பதிந்துதர வேண்டும்.

உரையாடல் இப்படிப் போகும். ஹெட்செட்: "வரிசை மூணு, இடம் பதினாலு." பணியாளர் அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்கிறார்: "நாலு ஏழு." சரியென்றால்தான் "ஆறு எடு" என்று வரும். "ஆறு" என்றதும் இருப்பில் ஆறு குறையும். ஆறுக்குப் பதில் "நாலு" என்றால், சரக்கு போதவில்லையா என்று கருவி கேட்டு உறுதிசெய்துகொள்ளும்.

அந்த 'நாலு ஏழு'தான் செக் டிஜிட், தமிழில் சரிபார்ப்பு எண். பார்கோடின் கடைசி இலக்கத்துக்கும் இதே பெயர் உண்டு. அது மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. இதுவோ இடத்துக்கு இடம் தொடர்பில்லாமல் ஒதுக்கிய எண். வரிசையாகக் கொடுத்தால் பக்கத்து எண்ணை வைத்து இதை ஊகித்துவிடலாம். அப்புறம் சரிபார்ப்பு ஏது?

குரல் வார்ப்பைத் தமிழில் பதிவதானால் பேச்சு வழக்கையே பதியுங்கள். பயிற்சியில் 'இரண்டு, ஐந்து' என்று படித்துவிட்டு வேலையில் 'ரெண்டு, அஞ்சு' என்றால் கருவி திணறும். எழுபதும் எண்பதும், அதிலும் வேகத்தில் 'எம்பது' என்னும்போது, ஒன்றோடொன்று குழம்பும். ஆகவே எழுபத்தி நாலு என்னாமல் "ஏழு நாலு" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வதே பாதுகாப்பு.

மைக் வாய்க்கு நேர் முன்னே இருந்தால் மூச்சுக்காற்றும் சொல்லாகப் பதிவாகும். உதட்டோரத்துக்குத் தள்ளி வையுங்கள். கிழிந்த நுரை உறையை மாற்றுங்கள். இரைச்சல் மாறும் பகுதிக்குப் போனால் பின்னணி ஒலியைக் கருவி மறுபடி அளக்கச் சில நொடி பேசாமல் நில்லுங்கள்.

இவ்வளவு செய்தும் தவறான சரக்கு ஏறினால் கருவியைத் திட்டாமல் சரிபார்ப்பு எண் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். நாள்பட அடிக்கடி போகும் இடங்களின் சரிபார்ப்பு எண் மனப்பாடமாகிவிடும், பணியாளர் அங்கே போய்ச் சேருமுன்பே சொல்லிவிடுவார். அந்த இடங்களின் எண்ணையாவது அவ்வப்போது மாற்றி ஒட்டி, அதே நேரத்தில் கணினியிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஷிஃப்ட் முழுக்க "தவறு, மறுபடி சொல்" என்பதுதான் காதில் விழும்.