அதிபர்: ஒரே சொல், இரண்டு நாற்காலி

தொழிலதிபராக இருந்தவர் நாட்டின் அதிபரானார் என்று எழுதும்போது ஒரே சொல் இரண்டு முறை வந்து விழுகிறது. நிறுவனத்தை நடத்துபவரும் அதிபர், நாட்டை ஆள்பவரும் அதிபர். இரண்டும் ஒரே வேலை என்பது போல இந்தச் சொல் காட்டிவிடுகிறது. அதுதான் என் குறை.

அதிபர் வடமொழி வழி வந்த சொல். ‘அதி’ என்றால் மேல். ‘ப’ என்பது காத்தல், ஆளுதல் என்னும் பொருளுள்ள வேர். மண்ணைக் காக்கும் அரசனைப் பூபன் என்பதும் இதே ‘ப’ சேர்ந்துதான். மேலே இருந்து காப்பவன் அதிபன், மரியாதைக்கு அதிபர். ஈழத்தில் இச்சொல்லின் புழக்கமே வேறு. அங்கே நாட்டுத் தலைவர் ஜனாதிபதி. அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வெளிநாட்டுத் தலைவர்களுக்கு இது நிலைத்துவிட்டது. தலைப்பில் இடம் குறைவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு அதிபர்களும் ஒரே ஆளிடம் மோதிக்கொண்டதைப் பார்க்க, சிலி நாட்டின் செபஸ்தியான் பினேராவை எடுத்துக்கொள்ளலாம். 1949-இல் பிறந்தவர், ஹார்வர்டில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சிலியில் கிரெடிட் கார்டைப் பரப்பி முதல் பெரும் பணத்தைச் சம்பாதித்தார். அப்புறம் லான் விமான நிறுவனத்தில் பெரும் பங்கு, சிலிவிசியோன் தொலைக்காட்சி, கொலோ கொலோ கால்பந்துக் குழுவிலும் பங்கு. நடுவே எட்டு ஆண்டுகள் செனட்டர். 2006 தேர்தலில் மிச்செல் பசெலேயிடம் தோற்று, அடுத்த தேர்தலில் வென்று, 2010 மார்ச்சில் பதவியேற்றார்.

சரி, பங்குகள் என்ன ஆயின? பதவியேற்கும் முன்பே விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்த விமானப் பங்குகளின் விற்பனை தள்ளிப்போய் விமர்சனத்துக்கு உள்ளானது. கடைசியில் அதையும் தொலைக்காட்சியையும் 2010-லேயே விற்றார். ஆனால் பழைய கணக்கு அத்தோடு விடவில்லை. அதே ஆண்டு அவர் குடும்பம் தொமிங்கா சுரங்கத் திட்டத்தில் இருந்த பங்கை விற்ற விவகாரம், அவருடைய இரண்டாம் ஆட்சிக்காலத்தில், 2021-இல் வெடித்தது. கீழவை அவரைப் பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. செனட் அதை ஏற்காததால் தப்பினார்.

‘காப்பவர்’ என்ற வேர்ப்பொருளுக்கு அவர் மிக அருகில் வந்த நாள் 2010 அக்டோபர் 13. சான் ஹோசே சுரங்கத்தில் 69 நாள் சிக்கியிருந்த 33 தொழிலாளர்கள் ஒவ்வொருவராக மேலே வந்தபோது, அங்கேயே நின்று வரவேற்றார். அந்தப் படங்களை மறக்க முடியாது. ஒன்பது ஆண்டு கழித்து, மெட்ரோ கட்டணத்தை 30 பெசோ உயர்த்தியதில் கிளம்பிய கோபம் நாடு முழுவதும் பரவியது. அவர் நெருக்கடி நிலை அறிவித்து ராணுவத்தைத் தெருவில் இறக்கினார். 2024 பிப்ரவரியில், தானே ஓட்டிய ஹெலிகாப்டர் ராங்கோ ஏரியில் விழுந்து இறந்தார். வயது 74.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சிலி அரசியலமைப்பில் அந்தப் பதவியின் பெயரே குடியரசின் ‘பிரெசிதெந்தே’. லத்தீனில் அதன் வேர்ப்பொருள் முன்னே அமர்ந்திருப்பவர். அதற்குக் குடியரசுத் தலைவர் சரியாகப் பொருந்துகிறது. ‘குடி’ அதில் முன்னால் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தொழிலதிபருக்கு? பினேரா தொழிற்சாலை கட்டி வளர்ந்தவர் அல்லர். பணத்தை முதலாகப் போட்டு வளர்ந்தவர். முதலை ஆள்பவர் முதலாளி. நம்மிடம் வெகுகாலமாகப் புழங்கும் சொல், கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். பெரிய அளவைக் காட்ட வேண்டுமானால் பெருமுதலாளி.

ஆகவே நான் எழுதினால், பெருமுதலாளி பினேரா 2010-இல் சிலியின் குடியரசுத் தலைவரானார் என்றே எழுதுவேன்.