மறுவார்ப்பு அல்ல, உருமாற்றம்

பழைய துப்பாக்கிக்குப் பொருந்தும்படி வேறொரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை மாற்றும் வேலையை ஆங்கிலத்தில் 'reforming brass' என்பார்கள். அதற்கு "வழக்கொழிந்த கைத்துப்பாக்கிகளுக்குப் பித்தளை மறுவார்ப்பு" என்று இன்னொரு மொழிபெயர்ப்பு. படிக்கிறவர் என்ன நினைப்பார்? மூசையில் பித்தளையை உருக்கி ஊற்றுகிறார்கள் என்றுதானே? இந்த வேலையில் ஒரு சொட்டுகூட உருகுவதில்லை.

தோட்டா இந்துஸ்தானி வழியாக வந்த சொல். ஆங்கிலக் கார்ட்ரிட்ஜின் மூலம் காகிதம். வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டிய காலத்துப் பெயர். கூடு, மருந்து, குண்டு, பற்றவைக்கும் கேப்பு எல்லாம் சேர்ந்தால்தான் தோட்டா. சுடுகிறவர்கள் பேச்சில் 'பித்தளை' என்பது கூடு மட்டும். நூற்றுக்கு 70 செம்பு, 30 துத்தநாகம்.

சரி, வார்ப்புக்கு வருவோம். ஜப்பானிய ராணுவத்தின் 'நம்பு' என்ற கைத்துப்பாக்கிக்கு 8 மி.மீ. தோட்டா. 1945க்குப் பிறகு அந்த ராணுவமே இல்லை. துப்பாக்கியை வைத்திருக்கும் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள், 1990இல் வந்த .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற தோட்டாவின் கூட்டை எடுத்து, வாயை அச்சில் அழுத்திக் குறுக்கி, அடிவிளிம்பைக் கொஞ்சம் கடைந்து, நீளத்தைச் சரிசெய்கிறார்கள். எல்லாம் குளிர்ந்த உலோகத்தில். அழுத்த அழுத்தப் பித்தளை இறுகும், விரிசல் விடும். அதனால் வாய்ப்பக்கத்தை மட்டும் காய்ச்சி இளக்குவார்கள். அடிப்பாகம் இளகவே கூடாது, அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். உருக்கி வார்த்தால் இந்த இறுக்கமும் இளக்கமும் எங்கே நிற்கும்?

இன்னொன்று. ரஷ்ய நகான் ரிவால்வரின் கூடு குண்டையும் தாண்டி நீண்டு, சுடும்போது உருளைக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியை அடைக்கும். அதற்குப் பலர் .32-20 என்ற வேறொரு தோட்டாவின் கூட்டை மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். அது குட்டை; இடைவெளி அடைபடாது. வார்ப்பதாக இருந்தால் வேண்டிய நீளத்துக்கு வார்த்துக்கொள்ளலாமே! இருக்கிற கூட்டுக்குள்தான் வேலை என்பதே இந்தத் தொழிலின் தலைவலி, அதைத்தான் 'மறுவார்ப்பு' மறைத்துவிடுகிறது.

'மறுவடிவமைப்பு' என்பாரும் உண்டு. வடிவமைப்பு வரைபலகையில் நடப்பது. இங்கே யாரும் புதிதாக எதையும் வரையவில்லை. 'பித்தளைச் சீர்திருத்தம்' என்று எழுதியவரை விட்டுவிடுவோம், 'reform' என்பதற்கு அகராதி தரும் முதல் பொருளோடு எழுந்து போயிருப்பார்.

என் கணக்கில் 'கூடு உருமாற்றம்' போதும். உருமாற்றம் புழு பூச்சிக்கு உரியது என்று ஒரு நண்பர் மறுத்தார். உருவை மாற்றுவது உருமாற்றம், அதில் புழு என்ன, பித்தளை என்ன? தூய தமிழ் வேண்டும் என்று தோட்டாவையும் துரத்தத் தேவையில்லை. கிணறு வெட்டப் பாறைக்குத் தோட்டா வைத்த ஊர்களில் அது எப்போதோ நம் சொல்லாகிவிட்டது.

துரத்த வேண்டியது செய்திகளில் வரும் 'காலித் தோட்டா'வை. சுட்டபின் கீழே கிடப்பது கூடு. மருந்து இருந்து குண்டு இல்லாதது வெற்றுத் தோட்டா, மரியாதை வேட்டுக்கு வெடிப்பது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, அடுத்த வரியிலேயே "தோட்டா நெஞ்சில் பாய்ந்தது" என்கிறார்கள். கூட்டோடா பாய்ந்தது?