நெஸ்டட் டேட்டா: உள்ளடுக்குத் தரவு

ஒரு மாணவரின் விவரங்கள் இருக்கின்றன. அவற்றுள் முகவரி என்றொரு தொகுப்பு, அந்த முகவரிக்குள் தெரு, ஊர், பின்கோடு. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த தரவுக்குத்தான் ஆங்கிலத்தில் நெஸ்டட் டேட்டா என்று பெயர்.

நெஸ்ட் என்றால் கூடு. பழைய ஆங்கிலத்திலேயே இருக்கும் சொல் இது. ‘கீழே அமர்தல்’ என்ற பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிறந்தது. லத்தீனின் நிடுஸ், சமஸ்கிருதத்தின் நீட எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. பெரியதற்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது என்று பொருந்தும் மேசைகளையும் பெட்டிகளையும்கூட ஆங்கிலத்தில் நெஸ்ட் என்பார்கள். தரவுக்குப் பொருந்துவது இந்தப் பொருள்தான்.

அதனால், கூடு என்பதை வைத்து ‘கூட்டுத் தரவு’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கூட்டு என்றதும் கூட்டுவட்டி, கூட்டுக்குடும்பம் என்றுதான் மனம் போகும். வெறும் ‘அடுக்கு’ என்பதும் போதாது. டிபன் கேரியரும் அடுக்குதான். ஆனால் அதில் கிண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அந்தச் சொல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகத் தரவை வைக்கும் ஸ்டாக் என்ற அமைப்புக்கு விட்டுவிடலாம். உள்ளே, இன்னும் உள்ளே என்று போவதைச் சொல்ல ‘உள்ளடுக்கு’ என்பதே சரி.

இத்தகைய தரவிலிருந்து வேண்டியதை எடுக்க ஆயத்த நிரல்கள் உண்டு. அப்படிப்பட்ட நிரல்களின் தொகுப்பான லைப்ரரியை நிரலகம் என்கிறோம்: நிரல் இருக்கும் அகம். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழிக்கான லோடாஷ் அப்படி ஒரு நிரலகம். மாணவர்.முகவரி.ஊர் என்று நேரடியாகக் கேட்டால், முகவரியே பதியாத ஒரு மாணவர் வந்ததும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். லோடாஷின் ‘கெட்’ என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) அப்படி நிற்காது. அதற்கு மூன்று கொடுக்கிறோம்: தரவு, ‘முகவரி.ஊர்’ என்ற பாதை, ஊர் கிடைக்காவிட்டால் தர வேண்டிய மாற்று மதிப்பு. ஒவ்வோர் உள்ளடுக்காக இறங்கிப் பார்க்கும். வழியில் ஏதாவது இல்லையென்றால் மாற்று மதிப்பைக் கொடுத்துவிடும்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஊரின் மதிப்பே ‘நல்’ (null, அதாவது வெறுமை) என்று பதிவாகியிருந்தால் மாற்று மதிப்பு வராது, ‘நல்’தான் வரும். அன்டிஃபைன்டு, அதாவது மதிப்பே தரப்படாத நிலை என்றால் மட்டுமே மாற்று வரும். 2020 பதிப்பில் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே இதற்கு வசதி வந்தது. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த குறி, இல்லாத உள்ளடுக்கைப் பிழையின்றிக் கடக்கும். அப்புறம் இரட்டைக் கேள்விக்குறி, மதிப்பு ‘நல்’ என்று இருந்தாலும் மாற்றைத் தரும்.

பிழை தேடும்போது ‘முகவரி முதல் உள்ளடுக்கு, ஊர் இரண்டாம் உள்ளடுக்கு, எதில் விட்டுப்போனது?’ என்று கேட்டுப் பாருங்கள். இயல்பாகவே வாயில் வருகிறது.