முதல் தட்டைக் காலியாக விட்டவர்கள்

தி போலீஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘வாக்கிங் ஆன் தி மூன்’ பாட்டை நான் முதன்முதலில் கேட்டது செல்பேசி ஸ்பீக்கரில். பாட்டில் பாதியைக் காணோம் என்றுதான் தோன்றியது. கிட்டார் ஒரே ஒரு முறை பளிச்சென்று ஒலித்துவிட்டுக் காற்றில் கரைகிறது. டிரம்ஸ் பக்கம் ‘டிக்… டிக்டிக்’ என்று ஏதோ சிதறுகிறது. நடுநடுவே நீளமான வெறுமை. சில நாள் கழித்து நல்ல ஹெட்ஃபோனில் போட்டேன். காணாமல் போன பாதி அங்கே இருந்தது: பேஸ் கிட்டார். பாட்டையே தாங்கி நிற்கும் அந்த ஆழ்ந்த சுரங்களை எழுப்ப செல்பேசியின் குட்டி ஸ்பீக்கருக்குத் தெம்பு இல்லை. ஆனால் பேஸ் வந்து சேர்ந்த பிறகும் அந்த வெறுமை மட்டும் அப்படியே இருந்தது.

1979இல் வந்த அந்தப் பாட்டும், அதையொட்டிய ஆண்டுகளில் பிரிட்டனில் வந்த எத்தனையோ நியூ வேவ், போஸ்ட் பங்க் பாட்டுகளும் (வேகமும் இரைச்சலுமான பங்க் ராக்கை அடுத்து வந்த வகைகள்) அந்த வெறுமையை ஜமைக்காவிடம் கற்றுக்கொண்டவை. ஜமைக்காவின் இசையான ரெகேயின் தாக்கம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கிட்டாரின் ‘ச்சக், ச்சக்’ வெட்டுதான். என்னைக் கேட்டால், ராக் குழுக்கள் அங்கிருந்து வாங்கிக்கொண்ட பெரிய சொத்து, எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்கிற அறிவு.

நிமிடத்துக்கு 150 தட்டு என்ற வேகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சுற்று முடிய 1.6 நொடி ஆகும். ஒரு பங்க் குழு இந்த நேரத்தை எப்படி நிரப்பும்? 1இலும் 3இலும் கால் டிரம் தொம்மென்று விழும். 2இலும் 4இலும் ஸ்னேர் டிரம் பளாரென்று அறையும். கிட்டார் ஒவ்வொரு தட்டிலும் அரைத் தட்டிலும் இரைந்துகொண்டே இருக்கும். மூச்சு விட இடம் கிடையாது. பங்கின் அழகே அதுதான்.

இதே எண்ணிக்கையில் ரெகேயை வைத்துப் பாருங்கள். 1இல் கால் டிரம்மும் ஸ்னேரும் சும்மா இருக்கும். 2இல் கிட்டார் ‘ச்சக்’. 3இல் கால் டிரம்மும், ஸ்னேரின் விளிம்பில் படும் குச்சியும் சேர்ந்து ஒரே அடி. 4இல் மறுபடியும் ‘ச்சக்’. அவ்வளவுதான். இந்த வாசிப்புக்கு ‘ஒன் டிராப்’ என்று பெயர். பாப் மார்லியின் டிரம்மர் கார்ல்டன் பாரெட் இதில் பெரிய கை. ராக் இசை எந்தத் தட்டில் அழுத்தமாகக் காலூன்றுமோ, அந்த முதல் தட்டை அவர் அப்படியே காலியாக விட்டுவிடுவார்.

இப்போது உடம்பு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அது 150 என்று எண்ணுவதில்லை. 3இல் விழும் ஒற்றை அடியைப் பிடித்துக்கொண்டு, பாதி வேகத்தில், 75 ஆக அசைகிறது. கடிகாரம் ஒன்றுதான், அதை எண்ணும் விதம் இரண்டு. போலீஸ் குழுவின் ஆரம்ப காலப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் வித்தை இதில்தான் இருக்கிறது. 1978இல் வந்த முதல் ஆல்பத்தில் ‘சோ லோன்லி’ பாட்டைக் கேளுங்கள். சரணம் ரெகேயாக ஆடி அசைந்து வரும். பல்லவி வந்ததும் நேர் ராக்காகச் சீறும். வேகத்தை இரண்டு மடங்காக்கியதுபோல இருக்கும், ஆனால் அடியில் ஓடும் துடிப்பு மாறவில்லை. ஸ்டூவர்ட் கோப்லாண்ட் டிரம்ஸில் நிரப்பும் இடங்களை மட்டும் மாற்றுகிறார், அவ்வளவே.

காலியான தட்டு ஏன் இனிக்கிறது? நம் மூளை அடுத்த தட்டு எப்போது வரும் என்று எப்போதும் முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும். தாளம் தொடங்கி அரை இடமோ முக்கால் இடமோ தள்ளிப் பாட்டை எடுக்கும்போது, கை தட்டியாயிற்று, குரல் இன்னும் வரவில்லை என்ற அந்தச் சின்ன இடைவெளியில் ஓர் எதிர்பார்ப்பு குறுகுறுக்கும். எதிர்பார்த்த அடி வராதபோது அந்த இடத்தை உடம்பே தலையாட்டியோ தோளை அசைத்தோ நிரப்பிக்கொள்கிறது. டிரம்ஸ் துணுக்குகளைப் பலருக்குப் போட்டுக்காட்டிச் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. தட்டுகள் இடம் மாறி விழுவது ரொம்பக் குறைவாக இருந்தாலும் ஆடத் தோன்றவில்லை, ரொம்ப அதிகமானாலும் தோன்றவில்லை. நடுவாந்தரமாக இருக்கும்போதுதான் கேட்டவர்களுக்கு ஆடவும் ரசிக்கவும் அதிகம் பிடித்திருந்தது. ஒன் டிராப் உட்கார்ந்திருப்பது அந்த நடு இடத்தில் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இனி பேஸுக்கு வருவோம். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த ஒலி அலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கு மேல், ஒரு பெரிய கூடத்தின் நீளம். இவ்வளவு நீளமான அலை சுவரையும் தூணையும் வளைத்துக்கொண்டு போய்விடும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத் தெருக்களில் அலமாரி உயர ஸ்பீக்கர்களை அடுக்கி நடத்திய சவுண்ட் சிஸ்டம் கச்சேரிகளில், பாட்டு எது என்று தெரிவதற்கு முன்பே அடுத்த தெருவுக்கு பேஸ் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே பாட்டை அடையாளம் காட்டுவதே பேஸின் மெட்டுதான்.

ராக்கில் அந்த மெட்டு ஏன் கேட்காது? கிட்டார்தான் காரணம். ஒலியைச் சிதைத்து இரைய வைக்கும் கிட்டார், 80 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 80 அதிர்வு) பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை தன் உபஒலிகளால், அதாவது மூலச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேல் ஒலிகளால், அடைத்துக்கொள்ளும். பேஸின் சுரம் இன்னதென்று காது கண்டுபிடிக்க உதவும் உபஒலிகளும் சில நூறு ஹெர்ட்ஸில், அதே வீட்டில்தான் குடியிருக்கின்றன. ஓயாத பெரிய சத்தம் பக்கத்திலிருக்கும் சின்னச் சத்தத்தைக் காதிலிருந்து மறைத்துவிடும். ரெகே கிட்டாரின் கதை வேறு. கம்பியை மீட்டிய கணமே இடது கையைத் தளர்த்தி ஒலியை அடக்கிவிடுவார்கள். ஒரு வெட்டு ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி என்று வையுங்கள். மேலே சொன்ன வேகத்தில் வெட்டுக்கு வெட்டு 0.8 நொடி. அதாவது எட்டில் ஏழு பங்கு நேரம் கிட்டார் மௌனமாக இருக்கிறது. அந்த ஏழு பங்கும் பேஸுக்குக் கிடைத்த நிலம்.

லண்டன் பங்க் பையன்களுக்கு இதெல்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? 1948இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்த காலம் தொட்டு, கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் லண்டனின் பிரிக்ஸ்டனிலும் நாட்டிங் ஹில்லிலும் குடியேறினார்கள். அவர்களோடு இசைத்தட்டுகளும் வந்தன. அந்தத் தெருக்களில் வளர்ந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ரெகே அக்கம்பக்கத்து இசை. 1977இல் ராக்ஸி என்ற பங்க் கிளப்பில் இசைத்தட்டு போட்டவர் டான் லெட்ஸ், ஜமைக்கப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். பங்க் அப்போதுதான் பிறந்திருந்தது. போடுவதற்கு பங்க் இசைத்தட்டுகளே சொற்பம். ஆகவே குழுக்கள் மேடையேறும் இடைவேளைகளில் அவர் ரெகேயும், ரெகே பாட்டிலிருந்து குரலையும் வாத்தியங்களையும் விலக்கிச் செய்யும் டப்பும் போட்டார். ஒரு தலைமுறை இசைக்காரர்களுக்கு அது ராத்திரிப் பள்ளிக்கூடம் ஆனது.

அதே ஆண்டு தி கிளாஷ் என்ற லண்டன் பங்க் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தில், ஜூனியர் மர்வின் முந்தைய ஆண்டு பாடிய ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ பாட்டை எடுத்துச் செய்தார்கள். ரெகேயை அப்படியே பிரதி எடுக்க அவர்கள் முயலவில்லை. ஒரு கிட்டார் தட்டின் மேல் விழும். இன்னொன்று தட்டுக்கு இடையில் விழும். இரண்டும் ரம்பத்தை இரண்டு பேர் பிடித்து அறுப்பதுபோல மாறி மாறி இழுக்கும். அந்தக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் பால் சைமனன், கிட்டார் கழுத்தில் சுரங்களின் பெயரைப் பெயின்ட்டால் எழுதி வைத்து வாசிக்கப் பழகியவர். அவர் எழுதிய ‘தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’ 1979இல் வந்தது. முதல் சில நொடிகளிலேயே பேஸ்தான் அங்கே முதலாளி என்று தெரிந்துவிடும்.

தாளமும் பேஸும் இப்படிக் கைமாறின. மூன்றாவதாகக் கைமாறியது ஓர் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவரின் கண்டுபிடிப்பு. அதைத்தான் நான் எல்லாவற்றையும்விட மதிக்கிறேன்.

கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் ரேடியோ பழுதுபார்த்து, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஆஸ்போர்ன் ரடாக். உலகம் அறிந்த பெயர் கிங் டப்பி. அவரிடம் இருந்தது நான்கே தடங்கள் கொண்ட, பழையதாக வாங்கிய மிக்ஸர். டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் தனித்தனித் தடத்தில் வரும். பதிவான பாட்டை ஓடவிட்டு, குரலை இழுத்து மூடுவார். ஒரே ஒரு சொல்லை மட்டும் திறந்துவிடுவார். கிட்டார் வெட்டு ஒன்றை எதிரொலிக்குள் தள்ளிவிட்டு, மீதியை அணைப்பார். எதிரொலிப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைத் தட்டி இடிச்சத்தம் எழுப்புவார். ஆளே இல்லாமல் மிஞ்சும் இந்த வடிவத்துக்குத்தான் டப் என்று பெயர்.

அந்த எதிரொலி எப்படி உண்டாகிறது? டேப் ரெக்கார்டரில் ஒலியைப் பதியும் ஹெட் முதலில் இருக்கும், படிக்கும் ஹெட் சற்றுத் தள்ளி இருக்கும். இரண்டுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டேப் நொடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடுகிறது. பதிந்த ஒலி அடுத்த ஹெட்டுக்கு வந்து சேர சுமார் 0.26 நொடி பிடிக்கும். அதுதான் எதிரொலியின் தாமதம். படித்ததை மறுபடி பதியும் ஹெட்டுக்கே திருப்பி அனுப்பினால் எதிரொலிக்கு எதிரொலி. ஒவ்வொரு சுற்றிலும் 60 சதவீதம் திருப்பினால் 100, 60, 36, 22 என்று தேய்ந்துகொண்டே போகும். 100ஐத் தாண்டித் திருப்பினால் தேயாது, வளரும். சில நொடிகளில் பதிவுக்கூடமே ஓலமிடும். டேப் ஒவ்வொரு சுற்றிலும் மேல்சுரங்களைக் கொஞ்சம் தின்றுவிடுவதால், எதிரொலி தேயத் தேய மங்கலாகி, தூரத்துக்குப் போவதுபோலக் கேட்கும். கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டே ஒருவர் கூப்பிடுவது போல.

தாமதத்தைத் தாளத்தோடு இசைய வைக்கும்போதுதான் அதிசயம் நடக்கிறது. ஒரு தட்டில் முக்கால் பங்கு தாமதம் வையுங்கள். முதல் எதிரொலி 0.75ஆம் தட்டில், அடுத்தது 1.5இல், அப்புறம் 2.25இல், அதன்பின் சரியாக 3இல். மூன்று தடவை தட்டுக்கு வெளியே தடுமாறி, நான்காவது தடவை வீடு வந்து சேர்கிறது. வாசித்தது ஓர் அடி, கேட்பது ஒரு தாளக்கட்டு. போலீஸ் குழுவில் ஆண்டி சம்மர்ஸின் கிட்டாரும் கோப்லாண்டின் டிரம்ஸும் டேப் எதிரொலியோடு விளையாடியது இப்படித்தான். மூன்றே பேர் கொண்ட குழு அவ்வளவு பெரிய இடத்தை நிரப்பியதன் ரகசியம் இது. ஆனால் இடம் இருந்தால்தான் எதிரொலி கேட்கும். இடைவிடாமல் இரையும் கிட்டாருக்கு எதிரொலி வைத்தால் கிடைப்பது சேறு.

1979 ஜனவரியில் பாவுஹவுஸ் குழு பதிந்த ‘பெலா லுகோசிஸ் டெட்’ 9 நிமிடத்துக்கு மேல் ஓடும். குச்சி டிரம் விளிம்பில் தட்டும் சின்ன ஓசை எதிரொலியில் சிதறிச் சிதறிப் போகிறது. அடியில் மூன்று சுரம் இறங்கும் பேஸ். இருட்டு இசை என்று இதைக் கொண்டாடுகிறார்கள். அதன் எலும்புக்கூடு டப்.

இந்த வரலாற்றில் டென்னிஸ் போவெல் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும். பார்படோஸில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர், மட்டூம்பி என்ற ரெகே குழுவின் கிட்டாரிஸ்ட். 1979இல் தி ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழுவின் ‘கட்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர்தான். அதில் ‘நியூடவுன்’ பாட்டில் தாள வாத்தியமாக வருவது தீப்பெட்டி குலுக்கும் சத்தமும், தீக்குச்சி கிழிக்கும் சத்தமும், கீழே விழும் ஒரு கரண்டியும். அந்தப் பெண்களின் வாசிப்பில் இருந்த கரடுமுரடை அவர் சீவித் தள்ளவில்லை. அதைச் சுற்றிக் காற்றை வைத்தார். போலீஸ் குழு தங்கள் இரண்டாவது ஆல்பத்துக்கு ‘வெள்ளை ரெகே’ என்று பொருள் தொனிக்கப் பெயர் வைத்தது. கடனை அவர்கள் மறைக்கவில்லை, நல்லதுதான். ஆனால் புகழும் பணமும் ஒரு பக்கமாகவே குவிந்தன என்பது இந்தப் பாட்டுகளை ரசிக்கும் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கடைசியாக ஒரு தகரப் பெட்டி. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவை விட்டு வந்த பாடகர் ஜான் லைடன், பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற குழுவைத் தொடங்கினார். பேஸுக்கு ஜா வோபிள், டப் பித்தர். கிட்டாருக்கு கீத் லெவீன். அலுமினியக் கழுத்து கொண்ட கிட்டாரில் அவர் எழுப்பிய ஒலி கண்ணாடியைக் கீறுவதுபோல உச்சியில் நின்றது. வோபிளின் பேஸோ தரைக்கடியில். நடுப்பகுதியைக் கிட்டத்தட்டக் காலி செய்துவிட்டார்கள். லைடனின் குரல் அங்கே தனியாக நின்று புலம்பும்.

இவ்வளவு பேஸை இசைத்தட்டில் எப்படி ஏற்றுவது? தாழ்ந்த சுரம் பெரிதாக ஒலிக்க ஊசி பக்கவாட்டில் அதிகம் ஆட வேண்டும். பள்ளம் அகலமாக வளையும். பக்கத்துப் பள்ளத்தோடு மோதாமலிருக்க இடைவெளி வேண்டும். ஒரு பக்கத்தில் 20 நிமிடம் திணித்தால் பேஸைக் குறைத்தே ஆக வேண்டும். அதனால் 1979 நவம்பரில் வந்த ‘மெட்டல் பாக்ஸ்’ ஆல்பத்தில், ஒரு மணி நேர இசையை நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் மூன்று 12 அங்குலத் தட்டுகளில் பரப்பினார்கள். ஜமைக்காவின் 12 அங்குல சிங்கிள்களில் கேட்டுப் பழகிய அந்த அடிவயிற்று அதிர்வு வேண்டும் என்பதற்காக. மூன்றையும் படச்சுருள் டப்பா மாதிரி ஒரு வட்டத் தகர டப்பாவில் அடைத்தார்கள். தட்டுகள் அதற்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், நடுவே வெறும் காகித வட்டம்தான். கவிழ்த்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும். போட்டுக் கேட்க உட்கார்ந்தால் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும்.