லூஸ், லாஸ், இழவு

அக்கா பையன் நேத்து வாட்ஸ்அப்ல ஒரு டவுட் கேட்டான், மாமா மேட்ச்ல தோக்குறதுக்கு இங்கிலீஷ்ல லூஸ்னு எழுதறப்ப ஒரு ஓவா ரெண்டு ஓவான்னு. ஒரு ஓ தான்டா. ரெண்டு ஓ போட்டா அது தொளதொள சட்டை, கழண்ட ஸ்க்ரூ, அப்புறம் நாம ஆள திட்டுற லூஸு (மறை கழண்டவன்னு சொல்றமே, அதே ஸ்க்ரூ தான்). ஒத்த ஓ வார்த்தையோட கடைசி சத்தம் வண்டு ரீங்காரம் மாதிரி அதிரணும், மத்தது சும்மா பாம்பு சீறுற மாதிரி. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணா தான் தெரியும், அதான் வம்பே.

ஆனா பையன் குழம்பினதுல தப்பில்ல, ரெண்டும் தூரத்து சொந்தம். ஒத்த ஓ பழைய ஆங்கிலத்து சொத்து. அப்ப லோசியன்னு ஒரு வினைச்சொல், அழிஞ்சு போறது, செத்துப் போறதுன்னு அர்த்தம், லோஸ்னா அழிவு. "நான் பொருள தொலைச்சேன்"னு ஆள் மேல ஏத்திச் சொல்றதெல்லாம் பின்னாடி வந்தது. ரெண்டு ஓ வார்த்தைய வைக்கிங்குங்க பேசின பழைய நார்ஸ் மொழியில இருந்து எடுத்துக்கிட்டாங்க. இன்னும் பின்னாடி போனா ரெண்டுக்கும் ஒரே வேர், கட்ட அவிழ்க்கிறது, பிரிச்சு விடறதுன்னு பொருள். கிரேக்கத்துல லைசிஸ்னா அவிழ்க்கிறது, அனாலிசிஸ், டயாலிசிஸ் எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு இருக்கறது அது தான். ஒயர்லெஸ், கேஷ்லெஸ்ல வர்ற லெஸ் கூட இந்தக் குடும்பம் தான், ஆனா கடைக்காரர் பில்லுல "பத்து ரூபா லெஸ் பண்ணிக்கிறேன்"றாரே அந்த லெஸ் வேற வேர்ல வந்தது, சத்தம் மட்டும் ஒண்ணு.

சரி, தமிழ்ல என்ன? லாஸ்னு பாத்த எடத்துல எல்லாம் நஷ்டம்னு போட்டுடறாங்க, எனக்கு அது தான் கடுப்பு. நஷ்டம் சம்ஸ்கிருதச் சொல், நாசமும் அதே வேர் தான், நட்டம்னு எழுதினா தமிழ் வேஷம் போட்டுக்கும், அவ்ளோதான். யாவாரத்துக்கு அது பழகிப் போச்சு, இருக்கட்டும். ஆனா ஒருத்தங்க அப்பா தவறிட்டாருன்னு குரூப்ல சொன்னப்ப "உங்கள் நஷ்டத்துக்கு வருந்துகிறோம்"னு ஒரு மெசேஜ் வந்துச்சு பாருங்க, என்னமோ மளிகைக்கடை முங்கிட்ட மாதிரி. அங்க இழப்பு தான் வரணும்.

இங்கிலீஷ்காரன் ஒத்த வார்த்தைய வச்சே ஒப்பேத்துறான், நாம ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு வச்சிருக்கோம். மேட்ச்னா தோத்துட்டோம், பர்ஸ்னா தொலைஞ்சு போச்சு, கையில கெடச்ச சான்ஸ்னா கோட்டை விட்டுட்டோம். முடி கொட்டும், எடை குறையும், ரத்தம் போகும். இது எதுலயும் இழப்புன்னு போடவே வேணாம், "முடி இழப்பு"னு விளம்பரத்துல பாத்தாலே டிரான்ஸ்லேஷன் வாடை அடிக்குது. சம்பள சீட்டுல எல்ஓபின்னு (லாஸ் ஆஃப் பே) ரெண்டு நாள் புடிச்சிருப்பாங்களே, அத ஊதிய இழப்புன்னு எழுதலாம், ஆனா ஆபீஸ்ல யாரும் அப்படி பேசமாட்டாங்க, சம்பளம் கட்டுன்னு தான் சொல்லுவாங்க. குறள்ல ஊதியம்னா லாபம், அது சம்பளம் ஆனது தனிக் கதை.

எனக்கு புடிச்சது இழவு தான். இழ-ங்கிற வினையில இருந்து நேரா வந்த சுத்தமான பெயர்ச்சொல். குறள் 372:

பேதைப் படுக்கும் இழவூழ் அறிவகற்றும்
ஆகலூழ் உற்றக் கடை.

இங்க இழவூழ்னா பொருள் போகப் போற விதி, ஆகலூழ்னா பொருள் சேரப் போற விதி, சாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்புறம் தான் இழவு சாவு வீட்டுக்கு குடி போச்சு, இழவு சொல்லி விடறது, இழவு வீடுன்னு. பாருங்க, இங்கிலீஷ்ல அழிவுல ஆரம்பிச்ச வார்த்தை பர்ஸ் தொலைக்கிற அளவுக்கு சாதுவாயிடுச்சு, இங்க காசு போறதுல ஆரம்பிச்சது சாவுல போய் நின்னுச்சு. அதனால இன்னைக்கு அக்கவுண்ட்ஸ்ல "லாப இழவு கணக்கு"னு எழுதினா ஆடிட்டர் அடிக்க வருவார்.

ஆனா எங்க பாட்டிக்கு அந்த பேதமெல்லாம் கெடையாது. தினம் காலைல பீரோ முன்னாடி நின்னு இடுப்ப தடவிக்கிட்டே, "அந்த இழவு சாவிய எங்கடி தொலைச்சேன்?"

முந்தானையில தான் முடிஞ்சிருக்கும்.