இரண்டே நாளில் ஏற்கப்பட்ட கட்டுரை

"தங்கள் ஆய்வுக் கட்டுரை சர்வதேச நெட்வொர்க் பாதுகாப்பு மாநாட்டுக்குத் தேர்வாகியுள்ளது. வாழ்த்துகள்!" கட்டுரையை அனுப்பிய இரண்டாம் நாளே வந்த மின்னஞ்சல் இது. மாநாடு சிங்கப்பூரில். கட்டணம் 350 டாலர், மூன்று நாளுக்குள் கட்ட வேண்டும். கீழே வரிசையாகப் பேராசிரியர்களின் படங்கள்.

இதைக் கொண்டுவந்து காட்டியவர் பாம்பன் பக்கத்து மாணவி, எம்.இ. இறுதியாண்டு. அப்பா விசைப்படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில் நிற்கிறது. அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டியாகிவிட்டது. இந்த மாநாடு நிஜமா என்று கேட்க அவர் வரவில்லை. "விசாவுக்குப் பாஸ்போர்ட் பக்கம் எல்லாம் கேட்கிறார்கள் அண்ணே, வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?" என்று கேட்கத்தான் வந்தார்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் பாதுகாப்பு வேலை பார்ப்பது என் தொழில். நேரம் கிடைக்கும்போது மாநாட்டுக் கட்டுரைகளை மதிப்பிட்டும் கொடுக்கிறேன். ஒவ்வொரு கல்வியாண்டின் கடைசியிலும் இதே போலி மாநாட்டுக் கடிதம், வேறு வேறு பெயரில், வேறு வேறு ஊரில் நடப்பதாக வருகிறது. இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மாணவர்களின் மின்னஞ்சல் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது, இணையதளத்தை எப்படி ஒரே இரவில் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை. என் தலைவலி வேறு. போலி என்று நான் சொன்னதும் எல்லோரும் தவறாமல் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது: "ஸ்கோபஸ் என்று போட்டிருக்கிறதே!"

போட்டிருக்கிறது. யார் போட்டார்கள்? அவர்களேதான் போட்டார்கள். ஸ்கோபஸ் என்பது எல்சவியர் பதிப்பு நிறுவனம் நடத்தும், ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளம். அது எந்த மாநாட்டையும் நடத்துவதில்லை, எந்த மாநாட்டுக்கும் முன்கூட்டியே முத்திரை குத்திக் கொடுப்பதும் இல்லை. மாநாடு முடிந்து கட்டுரைத் தொகுப்பு வெளியான பிறகுதான் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சே எழும். இன்னும் நடக்காத மாநாட்டின் இன்னும் அச்சாகாத தொகுப்புக்கு "ஸ்கோபஸ் உறுதி" என்று சொல்பவர் பொய் சொல்கிறார், அவ்வளவுதான். ஸ்கோபஸின் மூலப் பட்டியலை எவரும் காசில்லாமல் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். தேடினால் ஐந்து நிமிடம். தேடாவிட்டால் ஒரு ஜோடித் தோடு. ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணைக் காட்டினாலும் மயங்காதீர்கள். புத்தகம் என்று ஒன்றை அடிக்கிற எவரும் அதை வாங்கலாம். தரத்துக்கும் அந்த எண்ணுக்கும் எந்த உறவும் இல்லை.

சரி, மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ பெயர் இருந்தால்? ஐஇஇஇயின் சொந்தத் தளத்திலேயே மாநாட்டுப் பட்டியல் இருக்கிறது. அங்கே அந்த மாநாடு இருக்கிறதா என்று பாருங்கள், சுவரொட்டியில் உள்ள சின்னத்தைப் பார்க்காதீர்கள். அசல் பெயரே ஏமாந்த வரலாறும் உண்டு. 2005-இல் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் மூவர் சைஜென் என்ற நிரலை எழுதினார்கள். பொருளே இல்லாத கணினியியல் கட்டுரைகளைத் தானாக உற்பத்தி செய்யும் நிரல் அது. அதில் பிறந்த ஒரு கட்டுரையை ஒரு மாநாடு அந்த ஆண்டே ஏற்றுக்கொண்டது. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 2014-இல் பிரெஞ்சு ஆய்வாளர் சிரில் லாபே தோண்டியபோது, ஐஇஇஇயும் ஸ்பிரிங்கர் பதிப்பகமும் வெளியிட்ட தொகுப்புகளிலேயே அப்படிப்பட்ட கட்டுரைகள் 120-க்கு மேல் கிடைத்தன. பிறகு அவற்றை நீக்கினார்கள். பெயர் பெரியதாக இருந்தும் படித்துப் பார்க்க ஆள் இல்லை என்றால் நடப்பது இதுதான்.

இந்த வியாபாரம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ஹைதராபாதிலிருந்து இயங்கிய ஓமிக்ஸ் குழுமத்துக்கு எதிராக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019 மார்ச்சில் ஐந்து கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பாயிற்று. குற்றச்சாட்டுகளில் ஒன்று, வருவதாக ஒப்புக்கொள்ளாத அறிஞர்களின் பெயரைப் போட்டு மாநாடுகளை விளம்பரப்படுத்தியது. ஆகவே பேச்சாளர் படங்களைக் கண்டு கிறங்க வேண்டாம். அதில் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டு, "நீங்கள் வருகிறீர்களா ஐயா?" என்று கேளுங்கள். பலர் பதில் எழுதுவார்கள். அவர்களுக்கும் எரிச்சல்தான்.

நல்ல மாநாடு எப்படி இருக்கும் என்று தெரியாததால்தான் போலி எடுபடுகிறது. நம் துறையில் முதல் வரிசையில் நிற்பவை நான்கு. 1980 முதல் நடக்கும் ஐஇஇஇயின் பாதுகாப்பு மற்றும் அந்தரங்கம் பற்றிய கருத்தரங்கு, கணினியியலாளர் சங்கமான ஏசிஎம்மின் சிசிஎஸ் மாநாடு, யூஸ்நிக்ஸ் அமைப்பின் பாதுகாப்புக் கருத்தரங்கு, பிறகு நெட்வொர்க் பாதுகாப்புக்கான என்டிஎஸ்எஸ். வருகிற கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கை இவை திருப்பி அனுப்பிவிடும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். மறுப்புக் கடிதத்தோடு மதிப்பீட்டாளர்கள் எழுதிய பக்கக்கணக்கான குறிப்புகளும் வரும். அந்தக் குறிப்புகள்தான் மாநாடு உங்களுக்குத் தரும் சொத்து. அழுகிய மீனுக்கும் இப்போது இறங்கிய மீனுக்கும் ஒரே விலை சொல்லி, கூடையைத் திறந்துகூடப் பார்க்காமல் எடுப்பவனை நம் கரையில் யாராவது வியாபாரி என்பார்களா?

கட்டணம் கேட்பதாலேயே ஒரு மாநாடு போலியாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மாநாடுகளிலும் கட்டுரை ஏற்கப்பட்டவர் பதிவுக் கட்டணம் கட்டத்தான் வேண்டும். ஆனால் யூஸ்நிக்ஸ் போன்ற அமைப்புகள் மாணவர்களுக்கு உதவித்தொகையும் வைத்திருக்கின்றன, கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. தனிநபர் வங்கிக் கணக்குக்கோ யுபிஐக்கோ அனுப்பச் சொல்ல மாட்டார்கள். மூன்று நாள் கெடு வைத்து விரட்டவும் மாட்டார்கள்.

அந்தப் பெண்ணின் கட்டுரையைப் படித்தேன். கோபம் அதில்தான் கூடியது. கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் சமிக்ஞையைப் பற்றிய வேலை அது. அனுப்புகிறவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு ஏஐஎஸ்ஸில் கிடையாது. இல்லாத கப்பலை இருப்பதாகக் காட்டலாம், இருக்கிற கப்பலை வேறிடத்தில் காட்டலாம். பாக் நீரிணை எல்லைக்கோட்டருகே தொழில் செய்கிறவர் வீட்டுப் பெண்ணுக்கு இது ஏன் தோன்றியது என்று நான் விளக்க வேண்டியதில்லை. உண்மையான மதிப்பீட்டாளர் ஒருவர் படித்திருந்தால் முதல் கேள்வியே, "2014-இல் மார்கோ பல்டுஸ்ஸியும் மற்ற இருவரும் ஏசிஎஸ்ஏசி பாதுகாப்பு மாநாட்டில் ஏஐஎஸ்ஸின் ஓட்டைகளைக் காட்டியதிலிருந்து உங்களுடையது எங்கே வேறுபடுகிறது?" என்று இருந்திருக்கும். மாணவிக்கு அந்தக் கட்டுரை தெரியவே தெரியாது. அவருடைய ஆய்வு வழிகாட்டிக்குமா தெரியாது?

வழிகாட்டிகளே, உங்களிடமும் ஒரு வார்த்தை. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பர் விதிமுறைகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனி விதி வைத்திருக்கலாம், அதைப் படியுங்கள். பதவி உயர்வுக் கோப்புக்காக மாணவர் காசில் உங்கள் பெயரையும் சேர்த்து அச்சேற்றுவதை நிறுத்துங்கள்.

கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் சிங்கப்பூருக்குப் போகத் தேவையே இல்லை. யூஸ்நிக்ஸ், என்டிஎஸ்எஸ் கட்டுரைகள் முழுவதும் இலவசம். 1984 முதல் ஜெர்மனியில் நடக்கும் கேயாஸ் ஹேக்கர் மாநாட்டின் உரைகள் காணொளியாகக் கிடைக்கின்றன. நம் மண்டபம் ஊரில் உட்கார்ந்தே செல்போனில் பார்க்கலாம். நேரில் போகத்தான் வேண்டுமென்றால் கோவாவில் நல்கான் இருக்கிறது, கேரளத்தில் கோகான் இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்கு ஒன்று: பாதுகாப்பு மாநாட்டின் வைஃபைதான் உலகிலேயே பாதுகாப்பானது என்று நம்பிப் போய்விடாதீர்கள். லாஸ் வேகாஸின் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் குறியாக்கப் பூட்டில்லாமல் இணையத்தில் உலவுகிறவர்களின் கணக்குப் பெயரைத் திரையில் போட்டுக் காட்டவே ஒரு சுவர் வைத்திருக்கிறார்கள். ஆட்டு மந்தைச் சுவர் என்று பெயர்!

பணம் போய்விட்டதா? சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். நாள் கடந்தால் மீட்பது கடினம். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். பாஸ்போர்ட் நகலை, ஆதார் நகலைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் வளைகுடா வேலைக்காக வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் இருக்கிறது, அதன் நகல் வாட்ஸ்அப்பில் திருமணப் பத்திரிகைபோலச் சுற்றுகிறது. நகலை வைத்து உங்கள் பெயரில் சிம் வாங்கினால் விசாரணைக்கு நிற்பது நீங்கள்தான்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பதிப்புரிமைப் படிவம் என்று ஒன்றை அனுப்பிக் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டுக் கொடுத்து, கட்டுரையும் அவர்கள் தளத்தில் ஏறிவிட்டால், அதே வேலையை நல்ல மாநாடு ஏற்காது. ஏற்கெனவே வெளியானது என்று ஒதுக்கிவிடும். பாம்பன் மாணவி அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி, பிரதியைப் பத்திரப்படுத்தவும் சொல்லியிருக்கிறேன். உங்களில் எவருக்காவது அந்தப் படிவம் வந்திருந்தால், கையெழுத்துக்கு முன் துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டுங்கள். ஆள் தெரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். திட்டுவேன், ஆனால் சொல்கிறேன்.