பத்தாம் நாள் கணக்கை விட்டுவிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டரை வயது பெண் லாப்ரடார் நாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூக்கின் மேல் துண்டு கட்டிய தடம். இடுப்பில் கை வைத்தாலே முனகியது.

"ரத்தம் கண்ட பத்தாவது நாள்தான் டாக்டர், சரியா எண்ணித்தான் மேட்டிங்குக்குக் கூட்டிட்டுப் போனோம். உட்கார்ந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் ரெண்டு பேர் தூக்கிப் பிடிச்சோம்."

இணை சேரும் நாளைக் காட்டும் ஹார்மோன் புரொஜெஸ்டிரான். ரத்தப் பரிசோதனையில் அது மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராம்தான்; இன்னும் ஏறவே தொடங்கவில்லை. நாய் மறுத்தது சரி; மனிதர்கள் எண்ணியதுதான் தப்பு. இந்த மாதத்தில் இது நான்காவது.

நாயின் ரத்தப்போக்கு பெண்களின் மாதவிலக்கு அல்ல. தயவுசெய்து இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு, கருமுட்டை வெளிவந்து கரு தங்காமல் போனபின் புரொஜெஸ்டிரான் இறங்குவதால் ரத்தம் வருகிறது. நாய்க்கோ ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும்போது, கருமுட்டை வெளிவருவதற்கு முன்பே வருகிறது. அந்த வாசனைக்குத் தெரு நாய்களெல்லாம் வாசலில் வந்து நிற்கும். உங்கள் நாய் ஒன்றையும் கிட்டே விடாது. ஈஸ்ட்ரோஜன் இறங்கி, புரொஜெஸ்டிரான் ஏறத் தொடங்கும்போதுதான் வாலை ஒதுக்கி நிற்கும். இந்த முதல் கட்டம் சராசரியாக 9 நாள். சில நாய்களுக்கு 3 நாளில் முடியும், சிலவற்றுக்கு 17 நாள் ஆகும். அப்புறம் பத்தாம் நாளில் என்ன இருக்கிறது?

ஹார்மோன் எல்லாம் கூடிவந்தும் மறுப்பதுண்டு. பீச், லெ பஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1960-களில் பீகிள் நாய்களிடம் இதைக் கண்டார்கள். ஹீட்டில், அதாவது இணை சேரும் பருவத்தில் இருந்த பெண் நாய்கள் சில ஆண்களை ஏற்றன, சிலவற்றை விரட்டின. ஆண் நாயின் வம்சச் சான்றிதழை நாம்தான் பார்க்கிறோம், பெண் நாய் பார்ப்பதில்லை.

வாயைக் கட்டாதீர்கள், இடுப்பைப் பிடிக்காதீர்கள். ரத்தம் கண்ட ஐந்தாறு நாளில் கூட்டிவாருங்கள். ஸ்மியர் (பிறப்புறுப்பில் பஞ்சால் எடுத்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பார்ப்போம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புரொஜெஸ்டிரான் பார்ப்போம். இணை சேரும்போது தொற்றும் புரூசெல்லா கிருமிக்கான பரிசோதனை இரண்டு நாய்க்கும் வேண்டும். லாக் ஆனபின் (இணை சேர்ந்து இரண்டும் பிரிய முடியாமல் நிற்கும்போது) இழுப்பது, தண்ணீர் ஊற்றுவது கூடவே கூடாது. அரை மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள். தப்பிப்போய்ச் சேர்ந்துவிட்டால் யாரோ சொன்ன ஹார்மோன் ஊசியைப் போடாதீர்கள். அப்படிப் போட்டு, கருப்பையில் சீழ் பிடித்து வந்த நாய்களை அறுவை மேசையில் பார்த்திருக்கிறேன். குட்டி வேண்டாமென்றால் கருத்தடை செய்துவிடுங்கள்.

அந்த லாப்ரடாருக்கு, என்னிடம் வந்த ஆறாம் நாள் புரொஜெஸ்டிரான் 5-ஐத் தாண்டியது; கருமுட்டை வெளிவரும் அளவு அது. இடுப்பு வலி மட்டும் போகவில்லை. இந்த ஹீட்டை விட்டுவிடச் சொல்லி அனுப்பினேன்.